நேரமில்லை என்கிறவர்கள்

உத்தியோகம் தன் கவிதையைத் தின்றுவிட்டதாகச் சொல்கிற நண்பர்கள் பெருகிவிட்டார்கள். நானும் வங்கி குமாஸ்தாதான். இந்தப் புலம்பலின் சௌகரியம் எனக்குத் தெரியும். எழுதாத கவிதையை யாரும் குறை சொல்ல முடியாது.

டி. எஸ். எலியட் 1917 முதல் 1925 வரை லண்டனில் லாயிட்ஸ் வங்கியில் வேலை பார்த்தார். 'வேஸ்ட் லேண்ட்' வெளிவந்தது 1922ல். உடனே பதில் வரும்: 1921ல் நரம்புத் தளர்ச்சிக்காக அவருக்கு மூன்று மாத விடுப்பு கிடைத்ததே, அதில்தானே பெரும்பகுதியை எழுதினார்? வாஸ்தவம். ஆனால் அந்த விடுப்புக்குள் அவர் வெறுங்கையோடு போகவில்லை. பல வருஷங்களாகச் சேர்த்து வைத்திருந்த துண்டுகள் கூடப் போயின. நமக்கும் விடுப்பு கிடைக்கிறது. கூட எடுத்துப்போக என்ன இருக்கிறது?

அதைவிட முக்கியம் பிறகு நடந்தது. எழுதியதை எஸ்ரா பவுண்டிடம் கொடுத்தார். பவுண்ட் பக்கம் பக்கமாக அடித்துத் தள்ளினார். எலியட் பெரும்பாலும் சம்மதித்தார். 1971ல் பிரசுரமான கையெழுத்துப் பிரதியில் அந்த வெட்டுகளை யாரும் பார்க்கலாம். இங்கே ஒரு வரியை எடுக்கச் சொன்னால் சிநேகம் முறிகிறது. அடுத்த மாதம் புதுப் பத்திரிகை ஒன்று பிறக்கிறது.

திறமையைப் பேணுவது என்றால் அதைத் தடவிக்கொடுப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். தன் திறமையிடம் விசுவாசம் உள்ளவன் தன் வரிகளிடம் தாட்சண்யம் காட்டமாட்டான். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் குமாஸ்தாவுக்கும் உண்டு. அதில் எழுதியதை, நம்மைப் புகழாத ஒருவரிடம் கொடுக்கத் துணிவு உண்டா என்பதே கேள்வி.