டியூபைப் பிடுங்கினால் பிரேக் கல்லாகும்! பழைய கார்க்காரர்கள் உஷார்

"இத்தனை டியூப் எதுக்கு சார்? எல்லாத்தையும் பிடுங்கி அடைச்சு விட்டுடறேன். அப்புறம் பாருங்க, வண்டி பறக்கும்!"

பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒர்க்‌ஷாப்பில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. கேட்க இனிப்பாகத்தான் இருக்கும். காருக்குள் உட்காருவது பெண்டாட்டி பிள்ளைகள் என்பதை நினைத்தால் இனிக்காது.

மெக்கானிக் மீது முழுப் பழியையும் போட முடியாது. மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. அம்பாசடர் அதே ஆண்டு மே மாதம் நின்றது. கார்புரேட்டர் போட்ட கார்களோ அதற்கும் முந்தியவை. டியூப்கள் கிழடு தட்டிப் போனதில் அதிசயம் இல்லை.

தோணிரேவு, பழவேற்காடு பக்கம் நிலைமை இன்னும் மோசம். எஞ்சின் சூட்டில் ரப்பர் விறைத்து வெடிக்கிறது. ஏரிக்காற்றின் உப்பு, கிளிப்பையும் இரும்புக் குழாயையும் தின்கிறது. ஊசி நுழையும் வெடிப்பு போதும். காற்று உள்ளே புகுந்து ஐட்லிங் ஆடும், எஞ்சின் மிஸ் அடிக்கும். ஒரு முழ டியூபுக்குப் பொன்னேரி ஓட வேண்டும். அங்கேயும் கிடைக்காவிட்டால் அறுபது கிலோ மீட்டர் தாண்டி சென்னை புதுப்பேட்டை. ஒரு நாள் பிழைப்பு போச்சு! "பிடுங்கிப் போடு" என்ற ஆசை இங்கேதான் பிறக்கிறது.

படகின் டீசல் எஞ்சினில் கை பழகியவர் காரைத் திறந்தாலும் இதே கதைதான். படகு எஞ்சினில் இந்த டியூப் கூட்டம் கிடையாது. "அது இல்லாமலே அது ஓடுதே" என்று அவருக்குத் தோன்றுவது இயல்பு.

<b>சும்மா கிடைக்கும் சக்தி</b>

பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன் இறங்கும்போது காற்றை இழுக்கிறது. ஆக்சிலேட்டரில் கால் வைக்காதபோது கார்புரேட்டரின் கதவு ஏறக்குறைய மூடியிருக்கும். இழுத்தும் காற்று வராததால் மேனிபோல்டில் உறிஞ்சும் வேகம் உண்டாகிறது. இதுதான் 'வேக்குவம்'. எஞ்சின் நன்றாக இருந்தால் ஐட்லிங்கில் கேஜ் முள் 17 முதல் 21 அங்குலம் வரை காட்டும். அந்தக் காலத்து அமெரிக்கக் கார்களில் வைப்பரே இதில்தான் ஆடியது. மேடு ஏறினால் வைப்பர் படுத்துவிடும்! மழையில் அந்த டிரைவர்கள் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும்.

பிறகு புகைச் சட்டங்கள் வந்தன. அமெரிக்காவில் 1970-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு பானெட்டுக்குள் டியூப்கள் பெருகின. இங்கே 1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயம் ஆனது.

<b>எதை எடுக்கலாம்?</b>

ஏ.சி.யைக் கழற்றிய காரில், அதற்காக ஐட்லிங்கைத் தூக்கிக் கொடுத்த டியூப் வெட்டிதான். அதை எடுக்கலாம். எடுத்த இடத்தில் சரியான ரப்பர் மூடி போட வேண்டும். சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக் கம்பி கட்டுவது வேலை அல்ல, ஏமாற்று.

டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய டியூபைத் தொடவே கூடாது. டாப் கியரில் நிதானமாகப் போகும்போது ஸ்பார்க்கை முன்கூட்டி அடிக்கச் செய்வது அதுதான். அடைத்தால் கார் பெட்ரோல் குடிக்கும், எஞ்சின் சூடேறும். எஞ்சின் அடிப்பாகத்து ஆவியை இழுக்கும் டியூபை அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் சீல் வழியே வெளியே வரும். பெட்ரோல் டேங்கின் ஆவிக் குழாயை அடைத்தால் டேங்க் மூச்சு விட முடியாமல் வண்டி நடுரோட்டில் நிற்கும்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து பிரேக் பூஸ்டருக்குப் போகும் குண்டு டியூப்! அதை அடைத்தால் பிரேக் அடியோடு போகாது. பெடல் கல்லாகிவிடும். வழக்கமாக மிதிக்கும் மிதி போதாது. குறுக்கே ஒரு பிள்ளை ஓடி வரும் நேரத்தில் இரண்டு காலாலும் ஏறி மிதிக்க முடியுமா? மைலேஜ் பேசுகிற வாய்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் மாற்றியவர்களும் கவனிக்க வேண்டும். டீசல் எஞ்சினில் இந்த உறிஞ்சும் வேகம் தானாகக் கிடைக்காது. தனி வேக்குவம் பம்ப் வேண்டும். பம்ப் இல்லாமல் பூஸ்டர் மட்டும் இருந்தால், அது வெறும் தகர டப்பா.

சோதித்துப் பார்க்கக் காலணா செலவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு பிரேக்கை நாலைந்து தடவை மிதியுங்கள். கடைசி மிதியில் காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் அன்றே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

<b>பில்லில் எழுதட்டும்</b>

கார் கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 15 வருஷம் தாண்டிய கார் ஆர்.டி.ஓ. ஆபீசில் மறுபடி பதிவுக்கு நிற்க வேண்டும். அங்கே புகை மட்டும் பார்த்தால் போதாது. பானெட்டைத் திறந்து பிரேக் டியூபையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

ஒர்க்‌ஷாப்காரர்களும் எந்த டியூபை எடுத்தார்கள், எங்கே அடைத்தார்கள் என்று பில்லில் இரண்டு வரி எழுதித் தர வேண்டும். பழைய கார் கைமாறிக்கொண்டே இருக்கும் சாமான். நாளைக்கு அதை வாங்குகிறவருக்கு, உள்ளே எது அடைபட்டுக் கிடக்கிறது என்று வேறு எப்படித் தெரியும்?