கொதித்தது பிசின், மக்குவது மரம்

மலைப்பகுதிகளில் செங்குத்தான சரிவுடன் எழும் புதுவீடுகளின் கூரையில் ஷிங்கிள்ஸுக்கு அடியில் பிளைவுட் விரிக்கிறார்கள். 'கொதிநீரையே தாங்கும் பலகை, மழை என்ன செய்துவிடும்?' என்பது விற்பனைத் தரப்பின் மாறாத வாதம். கேட்க எளிது, ஆயினும் பிழை. அப்பிழை பொறியியலில் தொடங்கவில்லை, சொற்பொருளில் தொடங்குகிறது.

'கொதிநீர் தாங்கும்' என்னும் அடைமொழி எதைத் தழுவுகிறது? பலகையை அன்று, வெனீர் தகடுகளைப் பிணைக்கும் பிசினை. மரைன் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 தரத்தில் மாதிரித் துண்டை 72 மணி நேரம் கொதிக்கவைத்து, ஒட்டு விடுகிறதா என்று பார்க்கிறார்கள். கொதிநீரில் பூஞ்சை வாழாது. எனவே மரம் மக்குமா என்பதைப் பற்றி அச்சோதனை வாய் திறப்பதில்லை. அதே தரம் வெனீருக்குக் காப்பு மருந்தேற்றத்தைத் தனியே கோருவதே இதற்குச் சான்று.

சரிவில் நீர் தங்காதே என்பர். மேலிருந்து வரும் நீர் தங்காது. கீழிருந்து வரும் நீரோ தங்கும். சமையலறையிலும் குளியலறையிலும் எழும் ஆவி, குளிர்ந்த இரவில் பலகையின் அடிப்புறத்தில் பனிக்கிறது. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழ் நின்றால் மக்கல் இல்லை. 30 விழுக்காட்டை ஒட்டி நீடித்தால் பூஞ்சைக்கு விருந்து.

சோதனைக்கூடத்தைக் கூரையென மயங்கியதன் விலையை அமெரிக்கா முன்பே கொடுத்தது. 1980களில் அதன் கிழக்கு மாநிலத் தொடர்வீடுகளின் கூரைகளில் தீத்தடுப்பு மருந்தேற்றிய பிளைவுட் சில ஆண்டுகளிலேயே கருத்து நொறுங்கியது. தீயின் வெப்பத்தில் அமிலமாகி மரத்தைக் கரியாக்கவேண்டிய பாஸ்பேட் உப்புகள், வெயிலில் காய்ந்த கூரையின் வெப்பத்திலேயே அவ்வேலையைத் தொடங்கிவிட்டன. தீச்சோதனையில் அப்பலகைகள் தேறியிருந்தன. கூரை வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் வலிமை நிற்குமா என்று எவரும் சோதிக்கவில்லை. அதற்கான சோதனை முறைகள் அழிவுக்குப் பின்னரே வகுக்கப்பட்டன.

இதனால் மரமே ஆகாது என்று கான்கிரீட்டுக்குத் தாவுவதும் அறிவன்று. இறவாரத்திலிருந்து முகடு வரை காற்றுக்கு வழி, பலகைகளுக்கிடையே 3 மில்லிமீட்டர் இடைவெளி, ஆவியை வெளியேற்றும் விசிறி ஆகியவை இருந்தால் பலகை பல்லாண்டு நிற்கும். இவற்றைச் செய்யாமல் முத்திரையைக் காட்டி விற்பவர் மரத்தைப் பழிப்பது நேர்மையன்று.

எதைச் சோதித்தார்களோ அதை மட்டுமே முத்திரை சொல்லட்டும். 'கொதிநீர் தாங்கும் பிசின்' என்று அச்சிட ஒரு சொல்தான் கூடுதல். அச்சொல்லை விழுங்கியதன் செலவு வீடு கட்டியவர் தலையில் விழுகிறது.