பேரை வெட்டாதீங்க சாமிகளா!

"இது போட்டோ இல்லைங்க, பெயிண்டிங்!" என்று ஒரு படம் சுற்றி வரும். வாசற்படியில் ஒரு கிராமத்துப் பெண், பக்கவாட்டில் விழும் வெயில், புடவை மடிப்பு கூட தொட்டுப் பார்க்கிற மாதிரி... பார்த்தவர்கள் வாய் பிளப்பார்கள், பத்துப் பேருக்கு அனுப்புவார்கள். வரைந்தது யார்? அதை மட்டும் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

இளையராஜா. (இசைஞானி இல்லை, ஓவியர்!) கும்பகோணம் பக்கத்துக் கிராமத்துக்காரர். 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோனபோதுதான் பலருக்கு அந்தப் பேரே தெரிந்தது. வெட்கக்கேடு.

அதே 2021 மார்ச்சில் பீப்பிள் என்ற அமெரிக்கருடைய டிஜிட்டல் படம் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 6.9 கோடி டாலருக்குப் போனது. அந்தப் படம் அத்தனை பெறுமா என்பது வேறு சண்டை. ஆனால் அங்கே படத்தோடு பேரும் சேர்ந்தே போனது. வியாபாரத்தில் நல்ல பேருக்கு குட்வில் என்று விலை போட்டு வாங்குகிறார்கள். ஓவியருக்கு அதுதானே முதல்?

"ஓசி விளம்பரம்தானே, நல்லதுதானே" என்பார்கள். பேர் இல்லாத விளம்பரம் யாருக்கு? படம் பிடித்துப்போய் ஒருவர் காசு கொடுத்து வாங்க நினைத்தாலும் யாரைத் தேடுவார்? மூலையிலிருந்த கையெழுத்தை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் 'காலை வணக்கம்' ஒட்டியாகிவிட்டதே!