பிக்-அப்பைத் தூக்கும் முன் ஒரு கணக்கு

நீலாயைச் சுற்றி வசிக்கும் மாணவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. பாஜம், மந்தின், பத்தாங் பெனார், லாபு என்று எந்தப் பக்கம் போனாலும், செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையிலிருந்து ஒரு பிக்-அப் தார்ச்சாலைக்கு ஏறி வரும். அதன் மூக்கு மற்ற வண்டிகளைவிடச் சற்று உயர்ந்திருக்கும். டயர் மட்கார்டை முட்டிக்கொண்டு நிற்கும். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை.

படிவம் 5 மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: "சார், எங்க அண்ணன் ஹைலக்ஸை ரெண்டு இஞ்சு தூக்கி, பெரிய டயர் போடப்போறார். அதுல என்ன தப்பு?" தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவரோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 17 வயதில் கார் உரிமம் எடுக்கப்போகும் உங்களுக்கும் அந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். அதில் வருவதெல்லாம் நீங்கள் வகுப்பில் படிக்கும் விசை, அழுத்தம், ஈர்ப்பு மையம்தான்.

முதலில் டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பல பிக்-அப்களில் 265/65 ஆர்17 என்று இருக்கும். 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது விழுக்காடு: பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 65 விழுக்காடு, அதாவது 172 மி.மீ. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே எண் வரிசையில் மில்லிமீட்டர், விழுக்காடு, அங்குலம் மூன்றையும் கலந்து வைத்திருக்கிறார்கள். தேர்வில் நீங்கள் இப்படி எழுதினால் நான் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவேன்! எப்படியோ, 17 அங்குலம் என்பது 432 மி.மீ. மேலும் கீழும் இரண்டு பக்கச்சுவர்களைக் கூட்டினால் முழு விட்டம் 776 மி.மீ.

அந்த மாணவரின் அண்ணன் போட நினைத்தது 285/70 ஆர்17. அதே முறையில் கணக்கிட்டால் விட்டம் 831 மி.மீ. வித்தியாசம் 55 மி.மீ. ஆனால் சக்கரத்தின் அச்சு தரையிலிருந்து எவ்வளவு உயரும்? விட்டத்தில் பாதியான ஆரம்தானே அதைத் தீர்மானிக்கிறது. ஆக, 27 மி.மீ. மட்டுமே உயரும்.

பலர் கவனிக்காத இடம் இதுதான். ஹைலக்ஸ் போன்ற பிக்-அப்களின் பின்பக்கத்தில் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே கனத்த அச்சு இருக்கிறது. அதன் நடுவே பூசணிக்காய் போலத் தொங்குவது டிஃபரென்ஷியல். மேட்டுப் பாதையில் முதலில் இடிபடுவது பெரும்பாலும் அதுதான். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை 50 மி.மீ. தூக்கினால் உடலும் சட்டமும் உயரும். பின் அச்சோ சக்கரங்களின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, அது இம்மியளவும் உயராது. அதை உயர்த்துவது டயர் மட்டுமே. ஆயிரக்கணக்கான வெள்ளி செலவழித்த பிறகு அந்தப் பூசணிக்காய்க்குக் கிடைத்த கூடுதல் இடைவெளி, உங்கள் கட்டைவிரலின் முதல் கணு அளவுதான்.

அப்படியானால் தூக்குவதால் பயனே இல்லையா? உண்டு. பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் சுழல இடம் கிடைக்கிறது. மேடேறும்போது முன்பம்பர் மண்ணில் குத்துவதும், மேட்டின் உச்சியில் வண்டியின் வயிறு தட்டுவதும் குறைகின்றன. பெரிய சக்கரத்துக்கு இன்னொரு நன்மையும் இருக்கிறது. அந்தக் காலத்து மாட்டு வண்டிக்கு ஏன் அவ்வளவு பெரிய சக்கரம் என்று யோசித்திருக்கிறீர்களா? ஒரே உயரமுள்ள கல்லின்மேல் ஏறும்போது, சிறிய சக்கரம் சுவரில் மோதுவது போல மோதும். பெரிய சக்கரம் சரிவில் ஏறுவது போல ஏறிவிடும். குண்டும் குழியுமான தோட்டப் பாதையில் தினமும் குலை ஏற்றி இறக்குபவருக்கு இது உண்மையான உதவி. அவர் அளவாகத் தூக்கினால் நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் இந்த உதவி இலவசமாகக் கிடைப்பதில்லை. சக்கரத்தின் ஆரம் 7 விழுக்காடு கூடிவிட்டது. இயந்திரம் தரும் திருப்புவிசை அதேதான். தரையைப் பின்னால் தள்ளும் விசை என்பது திருப்புவிசையை ஆரத்தால் வகுத்தது, எனவே அது கிட்டத்தட்ட 7 விழுக்காடு குறைகிறது. பிரேக்குக்கும் இதே கதைதான்: முன்பு போல நிற்க வேண்டுமென்றால் மிதியை இன்னும் அழுத்த வேண்டும். வெறும் வண்டியில் இது உறைக்காது. பின்னால் சுமை ஏற்றி, மந்தினுக்கும் சிரம்பானுக்கும் இடையிலுள்ள பழைய மலைச்சாலையில் இறங்கிப் பார்த்தால் தெரியும்.

வேகமானியும் ஏமாறுகிறது. அது சக்கரத்தின் சுழற்சியை வைத்தே வேகத்தைக் கணிக்கிறது. டயர் மாறியது அதற்குத் தெரியாது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் மானி 110 காட்டும்போது, கணக்குப்படி உண்மை வேகம் 118-ஐ நெருங்கும். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: மானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது ஐ.நா.வின் 39ஆம் வாகன விதிமுறை. அதனால் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் மானியைச் சற்றுக் கூட்டிக் காட்டும்படியே அமைக்கிறார்கள். பெரிய டயர் அந்தச் சிறு சேமிப்பைத் தின்றுவிடுகிறது. ஓடிய தூரமும் இதே விகிதத்தில் குறைவாகப் பதிவாகும். பழைய பிக்-அப் வாங்குகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

அடுத்து நிலைத்தன்மை. உயரம் கூடினால் நிலைத்தன்மை குறையும், அடித்தளம் அகன்றால் கூடும் என்று தமிழ்ப்பள்ளி அறிவியலிலேயே படித்துவிட்டீர்கள். பொறியாளர்கள் அதையே ஓர் எண்ணாக்கி வைத்திருக்கிறார்கள்: இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலுள்ள தூரத்தை, ஈர்ப்பு மைய உயரத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். பெரும்பாலான கார்களுக்கு இந்த எண் 1.30 முதல் 1.50 வரை, பிக்-அப் போன்ற உயரமான வாகனங்களுக்கு 1.00 முதல் 1.30 வரை என்று அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு சொல்கிறது. நம் பிக்-அப்பின் சக்கர இடைவெளி 1.54 மீட்டர், ஈர்ப்பு மையம் 70 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எண் 1.10 வரும். தூக்கியதாலும் டயராலும் ஈர்ப்பு மையம் 7 செ.மீ. உயர்ந்தால் 1.00. வண்டி உடனே கவிழ்ந்துவிடப்போவதில்லை. ஆனால் மாடு குறுக்கே வந்து ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடிக்கிற அந்த ஒரு நொடியில், 1.10-க்கும் 1.00-க்கும் இடையிலுள்ள வித்தியாசம் சின்னதல்ல.

இதுவரை சொன்னவை ஓட்டுபவருக்கும் உடன் வருபவர்களுக்கும் உள்ள ஆபத்துகள். எனக்கு இவற்றைவிடக் கவலை தருவது எதிரே வருபவரின் நிலை.

பிக்-அப்பின் பின்பக்கம் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே சற்று உயர்ந்திருக்கும். பின்னால் சுமை ஏற்றியதும் சமமாகட்டும் என்று அப்படிச் செய்கிறார்கள். பலருக்கு அந்தத் தோற்றம் பிடிப்பதில்லை. முன்பக்க அப்சோர்பரின் மேல் ஒரு துண்டை வைத்து, முன்பக்கத்தை மட்டும் 50 மி.மீ. தூக்கிவிடுகிறார்கள். செலவு குறைவு, அரைநாளில் வேலை முடிந்துவிடும். ஆனால் வண்டி இப்போது மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. எவ்வளவு? ஹைலக்ஸின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3,085 மி.மீ. தூரம். 50-ஐ 3,085-ஆல் வகுத்தால் 1.6 விழுக்காடு.

அற்பமான எண் போலத் தெரிகிறதா? முன்விளக்கின் தாழ்ந்த ஒளி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யாமலிருக்க, அதைப் பொதுவாக 1 விழுக்காடு அளவு கீழ்நோக்கிச் சாய்த்து வைப்பார்கள். 100 மீட்டர் போனால் 1 மீட்டர் இறங்கும். 1 விழுக்காடு இறங்கிய ஒளியை 1.6 விழுக்காடு ஏற்றினால் அது இப்போது மேல்நோக்கிப் போகிறது, 0.6 விழுக்காடு. விளக்கு தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் இருந்தது என்று கொள்வோம். தூக்கியதையும் டயரையும் சேர்த்தால் 98 செ.மீ. 50 மீட்டர் தொலைவில் அந்த ஒளியின் மேல்விளிம்பு இன்னும் 30 செ.மீ. ஏறியிருக்கும். மொத்தம் ஏறத்தாழ 1.3 மீட்டர். கப்சாய் மோட்டாரில் உட்கார்ந்திருப்பவரின் கண் கிட்டத்தட்ட அந்த உயரத்தில்தான் இருக்கிறது.

அந்தக் கப்சாயில் வருபவர் யார்? இரவு ஷிப்ட் முடிந்து நீலாய்த் தொழிற்பேட்டையிலிருந்து வீடு திரும்பும் உங்கள் அக்காவாக இருக்கலாம். விடியும் முன்பே தோட்டத்துக்குப் புறப்பட்ட மாமாவாக இருக்கலாம். தெருவிளக்கு இல்லாத தோட்டச் சாலை, ஓரத்தில் கால்வாய், கண்ணில் நேராக வந்து விழும் ஒளி. சில விநாடிகளுக்கு அவருக்கு எதுவுமே தெரியாது. பிக்-அப் ஓட்டுபவருக்கோ சாலை நன்றாகவே தெரிகிறது. தன்னால் ஒருவர் குருடாகிப் போகிறார் என்பதே அவருக்குத் தெரியாது. பின்னால் குலைகளை ஏற்றினாலோ, பின்பக்கம் அமிழ்ந்து ஒளி இன்னும் மேலே போகும். முன்பக்கத்தை மட்டும் தூக்கிவிட்டு விளக்கைச் சரிசெய்யாமல் வண்டியை வெளியே விடும் பட்டறைகள் மீது எனக்குக் கோபம் உண்டு. விளக்கின் பின்னால் இருக்கும் திருகைத் திருப்ப எத்தனை நிமிடம் ஆகும்?

"சேற்றில் மாட்டிக்கொள்கிறதே, அதற்குத்தானே பெரிய டயர்?" என்று கேட்பீர்கள். இதற்கு அழுத்தம் பாடத்தில் விடை இருக்கிறது. பெட்ரோல் நிலையக் காற்று இயந்திரத்தில் 220 என்று வைக்கிறார்களே, அது கிலோபாஸ்கல். 2 டன் வண்டியில் ஒரு சக்கரத்தின்மேல் விழும் விசை ஏறத்தாழ 4,900 நியூட்டன். அழுத்தத்தால் வகுத்தால், டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 220 சதுர செ.மீ., ஒரு ஏ4 தாளில் மூன்றில் ஒரு பங்கு. பக்கச்சுவரின் விறைப்பும் கொஞ்சம் சுமையைத் தாங்கும் என்பதால் இது தோராயக் கணக்குதான். ஆனால் சூத்திரத்தைப் பாருங்கள்: அதில் டயரின் அகலம் வரவே இல்லை! 285 டயரிலும் அதே 220 கிலோபாஸ்கல் அடைத்தால், தொடும் பரப்பின் வடிவம் மாறுமே தவிர, அளவு ஏறக்குறைய அதுவேதான். மாறாக, பழைய டயரிலேயே காற்றை 110-க்கு இறக்கினால் பரப்பு ஏறக்குறைய இரு மடங்காகும். சேற்றில் வண்டி அமிழ்வது குறையும். இதற்கு ஒரு காசு செலவில்லை.

காற்றை இறக்கியவர் ஊர்ந்துதான் போக வேண்டும், தார்ச்சாலை ஏறும் முன் மறுபடியும் நிரப்ப வேண்டும். காற்றுக் குறைந்த டயர் வேகமாக ஓடினால் வளைந்து நெளிந்து சூடேறி வெடித்துவிடும். காரின் மின்சாரத்தில் ஓடும் சிறு காற்றுப் பம்பு ஒன்று வண்டியில் இருந்தால் போதும். 1997 முதல் நம் நாட்டில் மழைக்காலத்தில் நடந்துவரும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டிக்குத் தயாராகிறவருக்குத் தூக்கிய வண்டியும் பெரிய டயரும் வேண்டும்தான். வாரத்தில் ஆறு நாள் தார்ச்சாலையிலும் ஒரு நாள் செம்மண்ணிலும் ஓட்டுபவருக்கு, என் கருத்தில், நல்ல மண்பிடிப்புள்ள அதே அளவு டயரும் அந்தப் பம்பும் போதும்.

அதற்கு மேலும் தூக்கத்தான் வேண்டும் என்றால் முன்னும் பின்னும் சேர்த்துத் தூக்கட்டும். டயரை ஒரு படி மட்டும் கூட்டட்டும். 265/70 போட்டால் விட்டம் 803 மி.மீ., மானியின் பிழை மூன்றரை விழுக்காட்டோடு நிற்கும். வாகனத்தின் அமைப்பை மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்துத் துறையின், அதாவது ஜேபிஜேயின், அனுமதி வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். அனுமதியில்லாத மாற்றத்தைக் காட்டி, விபத்துக்குப் பிறகு காப்புறுதி நிறுவனம் கேள்வி கேட்டால், பதில் சொல்லவேண்டியவர் வண்டியின் உரிமையாளர்தான், பட்டறைக்காரர் அல்ல.

வீட்டில் பிக்-அப் இருந்தால் இன்றிரவே ஒரு சோதனை செய்யலாம். அப்பாவிடமோ அண்ணனிடமோ சொல்லி, சமதரையில் ஒரு சுவருக்கு நேராக, முன்விளக்கிலிருந்து சுவர்வரை சரியாக 5 மீட்டர் இருக்கும்படி வண்டியை நிறுத்துங்கள். விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அதே உயரத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். தாழ்ந்த ஒளியைப் போட்டால் சுவரில் வெளிச்சமும் இருளும் பிரியும் விளிம்பு தெரியும். அது உங்கள் கோட்டுக்கு 5 செ.மீ. கீழே இருந்தால் சரி. முன்பக்கம் மட்டும் தூக்கிய வண்டியில் அது கோட்டுக்கு 3 செ.மீ. மேலே நிற்கும். அப்படி நின்றால், நாளைக்கே பட்டறைக்குப் போய் அந்தத் திருகைத் திருப்பச் சொல்லுங்கள்.