குச்சிக்கிழங்கை ஓவனில் உலர்த்தலாமா?

கேள்வி: ‘‘எங்கள் தோட்டத்தில் குச்சிக்கிழங்கு போட்டிருக்கிறோம். வீட்டுக்கு ஓ.டி.ஜி. ஓவன் ஒன்று வாங்கியிருக்கிறோம். மழைக்காலத்தில் கிழங்கைச் சீவி ஓவனிலேயே உலர்த்தி, மாவாக்கி, பிஸ்கட் சுட்டு விற்கலாம் என்று மகளிர் குழுவில் பேசுகிறோம். செய்யலாமா? ஓவனை எப்படிப் பயன்படுத்துவது?’’

- வாசகி, குமாரபாளையம்.

பதில்: பிஸ்கட் தாராளமாகச் சுடலாம். ஆனால், பச்சைக் கிழங்கைச் சீவியவுடன் ஓவனில் வைத்து உலர்த்தக் கூடாது.

மரவள்ளிக் காட்டில் ஆட்டை மேய விடக்கூடாது என்பது சேலம், நாமக்கல் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். இலையில் இருக்கும் அதே சயனைடு நச்சு தோலிலும் கிழங்கிலும் உண்டு. கிழங்கில் இது சர்க்கரையோடு சேர்ந்த ‘லினமரின்’ என்ற பொருளாக இருக்கிறது. கிழங்கைச் சீவும்போதும் துருவும்போதும் அதிலேயே உள்ள ஒரு நொதி வெளிப்பட்டு, லினமரினை உடைக்கிறது. அப்போது உண்டாகும் நச்சு வாயுவாக வெளியேறிவிடும். வெயிலில் மெதுவாகக் காயும்போது இந்த வேலை நன்றாக நடக்கும்.

ஓவனில் நடப்பது வேறு. பல ஓ.டி.ஜி.க்களில் திருகின் குறைந்த அளவே 100 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் நொதி செயலிழந்துவிடும். ஈரமும் சீக்கிரம் போய்விடும். உடையாத லினமரின் மாவிலேயே தங்கிவிடும். சில்லு பார்க்க மொறுமொறுப்பாக இருக்கும்; நச்சு உள்ளே இருக்கும். பிறகு பிஸ்கட்டாகச் சுட்டாலும் அதில் சிறு பங்குதான் குறையும். மரவள்ளி மாவில் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் சயனைடு இருக்கக் கூடாது என்பது சர்வதேச உணவுத் தர அளவு. 1981-ல் வறட்சியில் சிக்கிய மொசாம்பிக்கில், சரியாகப் பக்குவப்படுத்தாத கசப்பு மரவள்ளியையே நம்பியிருந்த ஏழைக் குடும்பங்களில் பெண்களும் குழந்தைகளுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கால்கள் முடங்கின.

எந்தக் கிழங்கு?
முள்ளுவாடி, எச்-226 போன்றவை ஜவ்வரிசி மில்லுக்குப் போகும் ரகங்கள். மில்லில் கிழங்கை அரைத்து, நீரில் அலசி, மாவுச்சத்தை மட்டும் பிரிப்பதால் நச்சு பெருமளவு போய்விடுகிறது. வீட்டில் முழுக் கிழங்கையும் மாவாக்கும்போது அந்தப் பாதுகாப்பு இல்லை. எனவே, ஸ்ரீ ஜெயா, ஸ்ரீ விஜயா போன்ற சமையல் ரகங்களையே எடுக்க வேண்டும். ரகங்கள் பற்றிய விவரத்தை ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் கேட்கலாம். கிழங்கு கசந்தால் ஒதுக்கிவிட வேண்டும்.

மாவு தயாரிப்பு
1. தோலை முழுவதும் நீக்கி, கழுவி, சீவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து அரைக்கவும்.
2. மாவைப் பாத்திரத்தில் போட்டு, மட்டத்தைக் குறித்துக்கொள்ளவும். தண்ணீர் ஊற்றிக் கலக்கும்போது மட்டம் முதலில் இறங்கும். மீண்டும் குறிக்கு ஏறியதும் நிறுத்தவும்.
3. அதைப் பாயில் 1 செ.மீ.க்கு மிகாமல் பரப்பி, வெயிலில் 2 மணி நேரம் அல்லது காற்றோட்டமான நிழலில் 5 மணி நேரம் வைக்கவும். மீதியுள்ள நச்சின் பெரும்பகுதி இதில் போய்விடும். பிறகு மறுபடி காயவைத்துப் பயன்படுத்தவும்.
4. மழைக்காலமானால், கிழங்கைத் துருவி ஓர் இரவு மூடிவைத்து, துணியில் கட்டிப் பிழிந்து, பிறகு ஓவனில் உலர்த்தலாம். கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்து, சமையலறை ஜன்னலையும் திறந்து வைக்க வேண்டும். பிழிந்த நீரை ஆடு, மாடு குடிக்க விடக்கூடாது. இந்த மாவையும் அரைத்த பின் மேலே சொன்னபடி நனைத்துப் பரப்பி எடுப்பது நல்லது.

ஓவனைக் கையாளும் முறை
1500 வாட் ஓவன் சுமார் 6.5 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். லைட் பிளக்கில் செருகினால் பிளக் சூடாகி உருகும். 16 ஆம்பியர் பவர் பிளக்கும் சரியான எர்த்தும் கட்டாயம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். சுவரிலிருந்து நாலு விரல்கடையாவது தள்ளி வைத்து, மேலே துணியோ பாத்திரமோ வைக்காமல் இருக்க வேண்டும்.

மாவை உள்ளே வைப்பதற்கு முன் 10 நிமிடம் காலியாகச் சூடேற்றவும். தட்டு நடு அடுக்கில் இருக்கட்டும். பிஸ்கட்டை ஒரே கனத்தில் தட்டி, 160 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம் சுடலாம். முதல் முறை ஐந்தாறு பிஸ்கட் மட்டும் சுட்டு, நேரத்தைக் குறித்துக்கொண்டால் மாவு வீணாகாது. சூடான கண்ணாடிக் கதவில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். உள்ளே தீப்பிடித்தால் கதவைத் திறக்காமல், தண்ணீர் ஊற்றாமல், சுவிட்சை அணைக்கவும்.

விற்பனைக்கு முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். அதற்கு முன் ஒரு மாவு மாதிரியை உணவுப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து, சயனைடு அளவைப் பார்த்துவிடுவது நல்லது. பிஸ்கட்டை வாங்கித் தின்னப்போவது பெரும்பாலும் குழந்தைகள். அந்த முடிவு கைக்கு வரும்வரை ராகி, கம்பு மாவில் சுட்டுப் பழகலாம்.