கிலோமீட்டருக்கு என்ன விலை?

102.8 மில்லியன் வெள்ளி. கோலாலம்பூர் - சிங்கப்பூர் அதிவேக ரயில் திட்டம் கைவிடப்பட்டதற்காக 2021ஆம் ஆண்டு மலேசியா சிங்கப்பூருக்குக் கொடுத்த இழப்பீடு அது. 350 கிலோமீட்டர் தூரத்தை 90 நிமிடங்களில் கடக்கலாம் என்று 2016 டிசம்பரில் கையெழுத்தான ஒப்பந்தம், 2018இல் ஒத்திவைக்கப்பட்டு, 2020ஆம் ஆண்டின் கடைசி நாளோடு முடிவுக்கு வந்தது. ஒரு மீட்டர் தண்டவாளம்கூடப் போடவில்லை.

பிறகு, தனியார் முதலீட்டில் அதைக் கட்டலாமா என்ற பேச்சு மலேசியாவில் எழுந்தது. 2024 தொடக்கத்தில் ஏழு குழுமங்கள் தங்கள் யோசனைகளைக் கொடுத்தன. பேச்சு எழும்போதெல்லாம் கூடவே எழும் கேள்வி, "இவ்வளவு செலவா?" என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய ஒரே மாதிரியான ரயிலுக்கு நாட்டுக்கு நாடு ஏன் இத்தனை விலை வித்தியாசம்?

சீனாவில் அதிவேக ரயில் பாதை அமைக்க ஒரு கிலோமீட்டருக்குச் சராசரியாக 17 முதல் 21 மில்லியன் அமெரிக்க டாலர் ஆவதாக உலக வங்கி 2019இல் கணக்கிட்டது. மற்ற நாடுகளில் ஆகும் செலவில் அது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. மறுபக்கம் கலிஃபோர்னியா. சான் ஃபிரான்சிஸ்கோவையும் லாஸ் ஏஞ்சலிசையும் இணைக்கும் சுமார் 800 கிலோமீட்டர் பாதைக்கு 2008இல் சொன்ன மதிப்பீடு 33 பில்லியன் டாலர். இன்று அது 100 பில்லியனைத் தாண்டிவிட்டது.

"சீனாவில் கூலி மலிவு, நிலம் அரசாங்கத்தினுடையது" என்று உடனே பதில் வரும். அதில் உண்மை உண்டு. ஆனால் ஸ்பெயினைப் பாருங்கள். ஐரோப்பியச் சம்பளம், ஐரோப்பியச் சட்டதிட்டங்கள், மலைகளும் ஏராளம். குவாடர்ராமா மலைத்தொடரின் அடியில் மட்டும் 28 கிலோமீட்டர் சுரங்கப்பாதை தோண்டியிருக்கிறார்கள். அப்படியிருந்தும் ஐரோப்பாவில் ஆகக் குறைந்த செலவில் கட்டும் நாடுகளுள் ஸ்பெயினும் ஒன்று. ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் பாதையுடன், சீனாவுக்கு அடுத்த பெரிய கட்டமைப்பு அங்குதான் இருக்கிறது.

நகரங்களுக்கு இடையே மக்கள் அடர்த்தி குறைவு என்பது அவர்களுக்கு உதவியது. அதைவிட உதவியது, கையை நிறுத்தாமல் கட்டியது. 1992இல் மட்ரிட் - செவில் பாதை திறந்த பிறகு ஒன்றை அடுத்து ஒன்றாகக் கட்டிக்கொண்டே போனார்கள். ஒரு பாதையில் பட்ட அனுபவம் அடுத்த பாதைக்குப் போனது. சீனாவின் ரகசியமும் பாதி இதுதான். அங்கே மேம்பாலத்துக்கான 32 மீட்டர் நீள, ஏறக்குறைய 900 டன் எடையுள்ள கான்கிரீட் உத்தரங்களை ஒரே அச்சில் வார்த்து, வரிசையாகத் தூக்கி வைக்கிறார்கள். ஆயிரமாவது உத்தரத்துக்கு யாரும் புதிதாக யோசிக்க வேண்டியதில்லை.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். வீட்டைப் புதுப்பித்தவர்களுக்குத் தெரியும்: தரைக்கு ஓடு பதித்த பிறகு "சமையலறையை அந்தப் பக்கம் மாற்றலாமே" என்று சொன்னால் குத்தகையாளரின் ரசீது என்ன ஆகும் என்று. செலவு மிகுந்த ரயில் திட்டங்களில் நடந்தது பெரிய அளவில் அதேதான்.

கலிஃபோர்னியாவில் 2015இல் வேலையைத் தொடங்கியபோது தேவையான நிலம் முழுதாகக் கையில் இல்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மனைகளைப் பேசிப் பேசி வாங்க வேண்டியிருந்தது. பிரிட்டனின் 'எச்எஸ்2' திட்டத்தில் வடிவமைப்பு முடியும் முன்பே கட்டுமானம் ஆரம்பித்தது. அதன் தலைவர் 2024இல் கொடுத்த கணக்குப்படி, மற்ற அமைப்புகளிடமிருந்து 8,276 அனுமதிகள் பெற வேண்டியிருந்தது. அரிய வகை வௌவால்களைக் காக்க ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு எழுப்பும் கூடாரத்துக்கு மட்டும் 100 மில்லியன் பவுண்டுக்கு மேல். இதற்கிடையே லண்டன் - பர்மிங்ஹாமுக்கு வடக்கே போக வேண்டிய பகுதியை 2023இல் அரசாங்கமே ரத்து செய்தது.

வௌவாலைக் கேலி செய்வது எளிது. தன் நிலத்தின் வழியே ரயில் போகக் கூடாது என்று குடிமகன் வாதாட முடிவதும், காட்டுயிருக்கு ஒரு சட்டம் இருப்பதும் நல்ல விஷயங்கள்தான். அந்த வாதங்களை மண் வெட்டும் முன் கேட்டுத் தீர்த்தால் செலவு காகிதத்தோடு போகும். இயந்திரங்களும் ஆட்களும் காத்திருக்கும்போது கேட்டால் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஓடும்.

சீன நிறுவனத்திடம் கொடுத்தால் சீன விலைக்கே கிடைத்துவிடுமா? பக்கத்து இந்தோனீசியா பதில் சொல்கிறது. ஜகார்த்தா - பண்டுங் பாதை 142 கிலோமீட்டர். 2019இல் முடிய வேண்டியது, நிலம் வாங்குவதிலும் மற்றதிலும் இழுத்தடித்து 2023 அக்டோபரில்தான் திறந்தது. மொத்தச் செலவு ஏறக்குறைய 7.3 பில்லியன் டாலர். கிலோமீட்டருக்கு 50 மில்லியனுக்கும் மேல். தொழில்நுட்பத்தை விலைக்கு வாங்கலாம். முன்னேற்பாட்டை நாம்தான் செய்ய வேண்டும்.

ஆகவே நம் வட்டாரத்தில் அதிவேக ரயில் மறுபடி அறிவிக்கப்படும் நாளில், மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதோடு நின்றுவிடாமல் மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்போம். திட்ட வரைபடம் முடிந்துவிட்டதா? நிலம் கையில் இருக்கிறதா? ஆட்சி மாறினாலும் இது மாறாது என்பதற்கு என்ன உறுதி?

மூன்றுக்கும் "ஆம்" என்று பதில் வந்தால், சொல்லும் தொகை பெரிதாக இருந்தாலும் நம்பலாம். இல்லையென்றால், சொல்லும் தொகை எவ்வளவு சிறிதாக இருந்தாலும் அது முன்பணம் மட்டுமே. மீதியைக் கட்டப்போவது நம் பிள்ளைகள்.