சொல் மாறியது, குவளை மாறியதா?

கோடை நண்பகல். சிற்றூர் ஒன்றில், ஓட்டு வீடொன்றின் திண்ணையில், நகரத்திலிருந்து வந்த உறவினர் ஒருவர் வியர்வை வழிய அமர்கின்றார் எனக் கொள்க. உள்ளே மண்பானையில் மோர் இருக்கின்றது. நேற்றைச் சோற்றில் ஊற்றி வைத்த நீர் தெளிந்து, இளம்புளிப்பேறி, சிறுவெங்காயத்தோடு பருகினால் உடல்வெப்பம் தணியும் பதத்தில் இருக்கின்றது. கொல்லையில் இளநீர்க் குலை தொங்குகின்றது. ஆயினும் அவ்வீட்டு அம்மையார் இவற்றுள் ஒன்றையும் எடுத்தாரில்லை. மகனைப் பின்வாயில் வழியே கடைக்கு ஓட்டுகின்றார். "சற்றே பொறுங்கள் அண்ணா, இதோ வந்துவிடும்" என்று வந்தவரை அமர்த்துகின்றார். சிறுவன் கொண்டு வருவது அயலான் பெயர் பொறித்த நிறநீர்ப் புட்டி. வந்தவர்க்கோ உள்ளூர மோரின்மேல் விருப்பம், கேட்க நாணம். அம்மையார்க்கும் மோர் கொடுக்கவே விருப்பம், கொடுக்க நாணம். இரு தமிழர் நாணத்திற்கும் நடுவே அயலான் விலை வாங்கிக்கொண்டு போகின்றான்.

இந்நாணம் எங்கிருந்து வந்தது? இதுவே இங்கு எண்ணத் தக்கது.

ஒருவர்க்கு மோர் பிடிக்கும்; மற்றொருவர்க்குத் தேநீர் பிடிக்கும். நாவின் விருப்பத்தில் வழக்கில்லை. குற்றம் சுவையில் இல்லை. சுவைக்கு ஏணி வைத்து, மேற்படியில் இன்னது, கீழ்ப்படியில் இன்னது என்று அடுக்கியதில்தான் குற்றம். பருகுநீரை அவ்வாறு அடுக்கியவன், அதன்பின் அதைப் பருகுகின்ற மாந்தனையும் அடுக்குகின்றான். 'அவன் வீட்டில் என்ன கொடுத்தார்கள்?' என்று கேட்டே ஒருவன் தகுதியை அளக்கும் வழக்கம் தமிழர் வீடுகளில் வேரூன்றி விட்டது.

அவ்வேணியின் மேற்படியில் நெடுங்காலமாக வீற்றிருப்பது காப்பி எனப்படும் குளம்பி. எத்தியோப்பிய மண்ணில் தோன்றி, ஏமன் நாட்டு அராபியர் வழியே உலகெங்கும் பரவிய பருகுநீர் அது. தமிழன் அதனைத் தன் வீட்டு அடுப்பில் ஏற்றியது ஏறத்தாழ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். வந்த புதிதில், உடலைக் கெடுக்கும், காசைக் கரைக்கும் என்று அதனைப் பழித்தோர் பலர். ஆனால் இரண்டு தலைமுறை கடப்பதற்குள் பழிப்பு மாறிப் பெருமையாயிற்று. விடியற்காலையில் குளம்பி பருகுவோர் மேன்மக்கள், பழஞ்சோறு உண்போர் பட்டிக்காட்டார் என்னும் பிரிவினை எழுந்தது. ஆங்கிலேயன் அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்குப் போனவன் வீட்டில் பழஞ்சோற்றுப் பானை முதலில் மறைந்தது. பித்தளை வடிகலம் அவ்விடத்தில் ஏறியது.

இப்பெருமையோடு குலவேற்றுமையும் கைகோத்துக்கொண்டது. நகர்களில் தோன்றிய குளம்பிக் கடைகள் பலவற்றின் நெற்றியில் 'பிராமணாள்' என்னும் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. புகைவண்டி நிலையத்து உண்டிச்சாலைகளிலும் பார்ப்பனர்க்கு ஓரிடம், ஏனையோர்க்கு வேறிடம் என்னும் இழிவு, பெரியாரின் இடைவிடாக் கண்டிப்பால் 1941ஆம் ஆண்டில்தான் ஒழிந்தது. கடைப்பெயர்ப் பலகையிலிருந்து அச்சொல்லை நீக்குவதற்கோ, 1957ஆம் ஆண்டில் சென்னைத் திருவல்லிக்கேணியில் திராவிடர் கழகத்தார் நாடோறும் மறியல் செய்து சிறை செல்ல நேர்ந்தது. ஒரு குவளைக் குளம்பியின் மணத்துக்குள் இத்துணை நஞ்சு கலந்திருந்தது என்பதை இன்று அதனை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து மகிழ்வோர் நினைத்துப் பார்ப்பதில்லை.

அம்மணத்தின் உயர்வுதான் என்ன? 'எங்கள் வீட்டுக் குளம்பியின் சுவை வேறெங்கும் வாராது' என்று பேசுவோர் பலர், தம் நாவில் ஊறிய அச்சுவையிற் பெரும்பங்கு சிக்கரி என்பதை அறியார். குளம்பிக்கொட்டை கிட்டாத காலத்தில் ஐரோப்பியர் அதற்கு ஈடாக வறுத்துச் சேர்த்த மலிவான வேர் அது. கலப்புத் தூளில் 100க்கு 49 பங்கு வரை அது சேரலாம் என்று இன்றைய உணவுச் சட்டம் இடந்தருகின்றது. தோட்டத்தில் விளையும் கொட்டையின் பெரும்பகுதி கப்பலேறி அயல்நாடு போய்விடுகின்றது. தட்டுப்பாட்டுக்கு ஈடாக வந்த வேர் நாவைப் பழக்கிற்று; பழகிய நாவு அதையே உயர்வு என்றது. சிக்கரி நன்றோ தீதோ, அது வேறு செய்தி. இல்லாமையிற் பிறந்த ஒன்றைக் குலப்பெருமையாகக் கொண்டாடுவதே நகைப்புக்குரியது.

இனித் தேநீர். குளம்பியை மேன்மக்கட்கு உரியதாக்கியவர்கள் தேநீரை உழைப்பாளிகளின் பருகுநீர் என்று ஒதுக்கினர். வண்டியோட்டியும் ஆலைத்தொழிலாளியும் பருகுவது தேநீர். அலுவலர் பருகுவது குளம்பி. ஆனால் உழைப்பாளி தேநீரைத் தானே தேடிக்கொண்டானல்லன். உலகச் சந்தையில் தேயிலை விலை வீழ்ந்த 1930களில், தேங்கிய சரக்கை உள்நாட்டிலேயே விற்கத் தோட்ட முதலாளிகளின் அமைப்பு முனைந்தது. ஊர்தோறும் வண்டி அனுப்பி, தெருவில் காய்ச்சிக் காட்டி, விலையின்றி ஊற்றிக் கொடுத்து மக்களைப் பழக்கிற்று. உழைப்பாளியின் 'இழிந்த சுவை' என்று எள்ளப்படுவது உண்மையில் முதலாளியின் விற்பனைத் திட்டம். அவன் பசியை அடக்கியும், சோர்வை மறைத்தும், மேலும் இரண்டு நாழிகை வேலை வாங்கவும் அது உதவிற்று. கஞ்சி குடித்தவன் வயிறு நிறைந்தது. தேநீர் குடித்தவன் பசிதான் மறந்தது.

அத்தேயிலைக்குள் தமிழன் குருதியும் கலந்திருக்கின்றது. இலங்கை மலைநாட்டில் முதலில் விளைந்தது குளம்பியே. 1869ஆம் ஆண்டில் இலைத்துரு நோய் தோன்றி அத்தோட்டங்களை அழிக்கத் தொடங்கிற்று. அதற்கு ஈராண்டு முன்னரே, 1867இல், சேம்சு டெயிலர் என்னும் வெள்ளையர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டிருந்தார். அதன் வழியே மலைமுழுதும் தேயிலையாயிற்று. காட்டை வெட்டியவர், சரிவைத் திருத்தியவர், கொழுந்து கிள்ளியவர் எல்லாரும் தமிழ்நாட்டுப் பஞ்சத்தால் துரத்தப்பட்ட தமிழர். அட்டைக் கடியிலும் குளிரிலும் அவர்கள் வளர்த்த இலை 'சிலோன் தேயிலை' என்று உலகெங்கும் பெயர் பெற்றது; அவர்களுக்கோ பெயருமில்லை, நாடுமில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டுச் சிறிமாவோ–சாத்திரி உடன்படிக்கையோ 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று, அவர்களை ஒரு சொல்லும் கேளாமல், மூட்டை பிரிப்பது போலப் பிரித்தது. எஞ்சிய நாடற்றோர் குடியுரிமை பெற 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. திரும்பி வந்தவருள் ஒரு பகுதியினர் நீலமலைத் தோட்டங்களில் மீண்டும் அதே கொழுந்தைக் கிள்ளக் குடியமர்த்தப்பட்டனர். 'இலைத்தேயிலை உயர்ந்தது, தூள் தாழ்ந்தது' என்று கடையில் நின்று தரம் பேசுவோர், அவ்விலையைக் கிள்ளிய விரலின் கதையை ஒருநாளேனும் பேசியதுண்டா?

இவ்வளவும் சொல்லிய பின்னும், சொல்லாமல் விடக்கூடாத கொடுமை ஒன்று எஞ்சியுள்ளது. அது தேநீர்க்கடை மேடையில் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும் தனிக்குவளை. ஊராரில் ஒரு பகுதியினர்க்குக் கண்ணாடிக் குவளை; சேரியில் வாழ்வோர்க்கு வேறு குவளை, சிலவிடங்களில் கொட்டாங்கச்சி. முன்னவர் விசிப்பலகையில் அமர்ந்து பருகுவர்; பின்னவர் தள்ளி நின்று பருகிவிட்டு, தம் குவளையைத் தாமே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுச் செல்ல வேண்டும். தீண்டாமையை அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு ஒழித்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. ஆயினும் அதற்குப் பின்னரும் பல பத்தாண்டுகள் இரட்டைக் குவளை தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஒழியாமல் நின்றது. அதனை எதிர்த்து இயக்கங்கள் ஊர் ஊராகப் பட்டியல் எடுத்துப் போராட வேண்டியதாயிற்று. சில ஊர்களில் இன்று அது காகிதக் குவளை என்னும் முகமூடி அணிந்துகொண்டது. ஒருசாரார்க்குக் கண்ணாடி, ஒருசாரார்க்குக் காகிதம். கேட்டால் 'தூய்மைக்காக' என்று விடை.

இங்குத்தான் தனித்தமிழ் அன்பர் தம் நெஞ்சைத் தாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும். காப்பி என்னும் சொல்லை நீக்கிக் குளம்பி என்று சொல்லக் கற்றது நன்று. டீயைத் தேநீர் ஆக்கியது நன்று. நீராகாரத்தில் ஒட்டியிருந்த வடசொல்லைக் களைந்து நீருணவு என வழங்குவதும் நன்றே. மொழித்தூய்மை இனமானத்தின் முதற்படி, அதில் ஐயமில்லை. ஆனால் கடைக்குள் நுழைந்து, 'தம்பி, ஒரு குளம்பி' என்று தூய தமிழில் கேட்ட அன்பர், அக்கடை மேடையில் இருவகைக் குவளை இருப்பதைக் கண்டும் காணாததுபோல் பருகிவிட்டு வருவாராயின், அவர் தூய்மை நாவின் நுனியோடு நின்றுவிட்டது. வடமொழி நுழைந்த வழியிலேதான் வருணமும் நுழைந்தது என்று மேடையில் முழங்கிவிட்டு, சொல்லை மட்டும் வெளியேற்றி, வருணத்தைக் குவளைக்குள் குடிவைத்துக்கொள்வது எவ்வகைத் தமிழ்?

மேலும் ஒன்று நோக்குக. எந்தப் பருகுநீரும் பிறப்பினால் இழிந்ததில்லை. அதனை ஆக்கியவனை இழிந்தவன் என்றமையால் அதுவும் இழிந்ததாயிற்று. பனையே இதற்குச் சான்று. விடியுமுன் இடுப்பில் அரிவாளும் கலயமுமாக ஏறி, பாளையைச் சீவி, கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிப் புளிக்காமல் இறக்கிய பதநீர், தமிழ் மண்ணின் இனிய பருகுநீர்களுள் ஒன்று. காய்ச்சினால் கருப்பட்டி, உறைய வைத்தால் பனங்கற்கண்டு. உயிரைப் பணயம் வைத்து அவ்வளவையும் தந்தவனை 'மரமேறி' என்று ஊர் இழித்தது. அவனை இழித்த ஊர், அவன் இறக்கிய பதநீரைத் தெருவோரப் பருகுநீர் என்று ஒதுக்கிற்று. கருப்பட்டி இட்ட சுக்குநீர் நோயாளிக்கு என்றும், வெள்ளைச் சருக்கரை இட்ட குளம்பி விருந்தினர்க்கு என்றும் பிரித்தது. கள்ளின் நிலையையும் காண்க. கள்ளுண்ணாமைக்கென 93ஆம் அதிகாரத்தையே வகுத்தார் திருவள்ளுவர். எனவே கள்ளுக்காக இங்கு வழக்குரைப்பு இல்லை. ஆனால் 1987ஆம் ஆண்டு முதல் கள் இறக்குவது குற்றம். 2003ஆம் ஆண்டு முதல் அயல்நாட்டு மதுவகையை அரசே கடை வைத்துச் சில்லறையாக விற்கின்றது. தீது என்றால் இரண்டும் தீது. ஒன்று குற்றமாகவும் மற்றொன்று அரசுக்கு வருவாயாகவும் ஆனதன் உட்பொருளை உணர்தல் வேண்டும்.

இப்பொழுது புதிய வேடிக்கை ஒன்று தோன்றியுள்ளது. பாட்டி கொடுத்த பழஞ்சோற்றைப் பழித்தவனே, நகரத்து விடுதியில் அதை மண்சட்டியில் வைத்து, விலையைப் பன்மடங்காக்கிக் கொடுத்தால், 'மரபுணவு' என்று புகழ்ந்து உண்கின்றான். பழஞ்சோறு மாறவில்லை, விலைதான் மாறிற்று. ஏழை உண்டபோது இழிவு, செல்வன் உண்டபோது மரபு என்றால், மதிக்கப்பட்டது சோறன்று, பணமே.

உணர்ச்சி மட்டும் போதாது என்பதற்கும் அண்மைச் சான்று உண்டு. 2017ஆம் ஆண்டுத் தைத்திங்களில் ஏறுதழுவலுக்காகத் தமிழிளைஞர் எழுந்தனர். அதனைத் தொடர்ந்து அயல்நாட்டுக் குளிர்நீர்களை விற்பதில்லை என வணிகர் அமைப்புகள் அறிவித்தன. நாடே மகிழ்ந்தது. ஆயினும் அப்புட்டிகள் இன்றும் கடைகளில் குளிர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. ஏன்? புட்டியை விலக்கச் சொன்னவர்கள், மோரைப் பற்றிய நாணத்தை விலக்கச் சொல்லவில்லை. நாணம் இருக்கும் வரை புட்டி திரும்பி வரும். ஒரு பெயரில் இல்லாவிடில் மறுபெயரில் வரும்.

செய்யத் தக்கவை அரியனவல்ல. தமிழ்ப் பற்றாளர் வீட்டிற்கு எவர் வரினும், அவர் அமைச்சராயினும் அறுவடை ஆளாயினும், ஒரே குவளையில் ஒரே பருகுநீர் தருக. கோடையில் மோரும், இளநீரும், கிடைக்குமிடத்துப் பதநீரும், மழைக்காலத்தில் கருப்பட்டிச் சுக்குநீரும் விருந்துக்குரியன என்று தலைநிமிர்ந்து கொடுக்க. இயக்கக் கூட்டங்களிலும் திருமணங்களிலும் இவற்றையே வழங்குக. குளம்பியும் தேநீரும் விரும்புவோர் விரும்பிப் பருகுக. ஆனால் அதனால் தாம் உயர்ந்ததாகவோ பிறர் தாழ்ந்ததாகவோ எண்ணற்க. இருவகைக் குவளை வைத்துள்ள கடை எதுவாயினும், அது உறவினர் கடையாயினும், இயக்கத்தார் கடையாயினும், அங்கு வாய் நனைக்காது எழுந்து வருக. வருமுன் கரணியத்தையும் உரக்கச் சொல்லிவிட்டு வருக. அங்ஙனம் எழுந்து வருபவர் ஊருக்குப் பத்துப்பேர் இருப்பின், கடைக்காரர் மறுநாளே குவளையை மாற்றுவார்.

சொல்லைத் தூய்மை செய்யப் புறப்பட்ட இயக்கம் இது. அச்சொல்லை உச்சரிக்கும் வாயில் வைக்கும் குவளையையும் அது தூய்மை செய்தல் வேண்டும். எல்லாத் தமிழரும் ஒரே குவளையில் பருகும் நாளே, குளம்பி என்னும் சொல்லும் முழுமையாகத் தமிழாகும் நாள்.